வகுப்பறைக்குள் ஒரு கடற்கரை: வடசென்னையில் புவி அறிவியலும் சுற்றுச்சூழலும் கற்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 17 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறேன். குறுவளமையக் கூட்டங்களில் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்டவற்றையும், பள்ளி வாசலில் பெற்றோர் நிறுத்திக் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் உள்ள செய்முறைகள் எல்லாம் என் வகுப்பில் செய்து பார்த்தவை. சில முதல் முறையே வந்தன, சில நான்காவது முறைதான் வந்தன.

செய்து கற்றல் என்றால் சார்ட் வரைவதும் தெர்மாகோலில் மாதிரி செய்வதும்தானே?

இல்லை. தெர்மாகோல் எரிமலைக்குள் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைப்பதைப் பல கண்காட்சிகளில் பார்க்கிறோம். பொங்குவது சோடாவிலிருந்து வரும் கரியமில வாயு. பாறைக்குழம்பைப் பற்றிக் குழந்தை அதில் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. மேலும் திருவொற்றியூர்க் குழந்தைக்கு எரிமலை எங்கோ இருக்கிறது, கடலோ தெருக்கோடியில் இருக்கிறது. தெருக்கோடியில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

குழந்தை முதலில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைப் பேனாவால் எழுத வேண்டும், ஏனென்றால் பென்சிலில் எழுதினால் விளைவைப் பார்த்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். அதன் பிறகுதான் செய்து பார்க்க வேண்டும். எழுதியதும் நடந்ததும் எந்த இடத்தில் பிரிகின்றனவோ, அந்த இடத்தில் நின்று பேசுவதுதான் என் பாடவேளையின் பெரும்பகுதி.

எங்கள் பள்ளியில் ஆய்வகம் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்வது?

கீழே சொல்லப்போகும் அனைத்துக்கும் சேர்த்து விலை கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டு தெர்மாமீட்டர், நான்கைந்து கைலென்ஸ், ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி), ஒரு காந்தம். மற்றவை பிளாஸ்டிக் பாட்டில், பழைய சிரிஞ்ச், மணல், கோலப்பொடி, செங்கல், ஐஸ் குச்சி. இவற்றைக் குழந்தைகளே கொண்டுவருவார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாடப்புத்தக வரிசையை நான் வானத்தின் வரிசைக்குக் கொஞ்சம் வளைத்துக்கொள்வேன்.

ஆகஸ்டில் என்றால் நிழல். சென்னை வடக்கு அட்சரேகை 13 டிகிரியில் இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று ஏப்ரல் 24-ஐ ஒட்டி, மற்றொன்று ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி. ஆகஸ்டில் பகல் 12 மணி 13 நிமிட அளவில், செங்குத்தாக நிறுத்திய குழாய்த் துண்டுக்கு நிழலே இருக்காது. "உச்சி வேளை என்றால் 12 மணிதானே, 13 நிமிடம் எதற்கு?" என்று யாராவது ஒரு குழந்தை கேட்கும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, சென்னையோ அதற்கு மேற்கே 80.3 டிகிரியில் இருக்கிறது. 13 நிமிடத்தில் ஏறத்தாழ 9 நிமிடம் இதனால் வருகிறது, மீதி பூமியின் அச்சுச் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் வருகிறது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுங்கள். மேகம் மூடினால் மறுநாள் பாருங்கள். ஒரு நாள் முன்பின் ஆனாலும் நிழல் மிகக் குறுகியதாகவே இருக்கும்.

அக்டோபர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மழைமானிதான். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவு. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் பெய்துவிடுகிறது. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோளுக்குக் கீழே வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழி என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே ஸ்கேலை ஒட்டுங்கள். கூழாங்கல் இல்லாவிட்டால் காற்றில் பாட்டில் சாய்ந்துவிடும் என்பதை என் முதல் புயலில் கற்றுக்கொண்டேன். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்குத்தான் மழையளவை எடுக்கிறது. நாமும் அதே நேரத்தில் எடுத்தால் செய்தித்தாளில் வரும் நுங்கம்பாக்கம் அளவோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இருக்காது. ஏன் இல்லை என்பது நல்ல கேள்வி.

இதோடு நின்றால் அது வெறும் எண். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதைச் சொல்லிக்கொடுத்து, பள்ளிக் கூரையை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். எங்கள் கூரை 200 சதுர மீட்டர். ஒரு நாள் 60 மில்லிமீட்டர் பெய்தது. 12,000 லிட்டர். "டீச்சர், ஒரு பெரிய லாரித் தண்ணீர்!" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றே சொன்னாள். கோடையில் குடங்களை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்த குழந்தை அவள். அந்தக் கணக்கை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த கேள்வியையும் அவர்களே கேட்டார்கள்: அந்த லாரி எங்கே போயிற்று? கூரையிலிருந்து குழாய் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து கால்வாய்க்கு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை ஏன் ஒவ்வொரு பெருமழைக்கும் நிரம்புகிறது என்று அன்று படம் வரைந்தோம். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தங்கள் வீட்டில் அந்தக் குழாய் எங்கே போகிறது, தொட்டியில் தூர் வாரினார்களா என்று பார்த்து வரச் சொன்னேன்.

கடல் அரிப்பை வகுப்பில் காட்ட முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடும் இதுதான்.

முதலில் பின்னணி. தமிழகக் கரையோரம் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையை ஒட்டியே நகர்ந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கிப் போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளுக்கு வர வேண்டிய மணல் வராமல் போனது. அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருந்ததை எடுத்துக்கொண்டு போயிற்று.

இதைச் சொன்னால் குழந்தைகள் தலையாட்டுவார்கள், ஆனால் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். கட்டட வேலைக்காரர்கள் சிமெண்ட் கலக்கும் அகலத் தட்டு ஒன்று கிடைத்தால் நல்லது. ஒரு நீளப் பக்கத்தில் நுண்மணலைச் சரிவாக அணையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஆழமான இடத்தில் இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். குழந்தைகளை மணல் பக்கம், கடலைப் பார்த்து நிற்கவையுங்கள். இப்போது அவர்களுக்கு எதிரே கிழக்கு, இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. இதைத் தட்டின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். தட்டின் தென்கிழக்கு மூலையிலிருந்து மரஸ்கேலால் மெதுவாக, ஒரே சீராக அலை எழுப்புங்கள். கரையில் ஒரு சிட்டிகை சிவப்புக் கோலப்பொடி தூவினால் மணல் வடக்கே நகர்வது தெரியும்.

அடுத்து, நடுவில் ஒரு செங்கல்லைக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி வையுங்கள். அதுதான் துறைமுகம். எங்கே மணல் சேரும், எங்கே போகும் என்று ஊகத்தை எழுதச் சொல்லிவிட்டு, 15 நிமிடம் அலை எழுப்புங்கள். செங்கல்லின் வலப்பக்கம் மேடு எழும். இடப்பக்கம் கரை உள்வாங்கும். இடப்பக்கக் கரையில் முன்கூட்டியே தீப்பெட்டிகளை வீடுகளாக வரிசையாக வைத்திருந்தால் அவை ஒவ்வொன்றாகச் சரியும். ஒரு முறை அப்படிச் சரிந்தபோது காசிமேட்டுப் பையன் ஒருவன், "எங்கள் ஆயா வீட்டுக்கு முன்னால் மூன்று தெரு இருந்ததாம் டீச்சர்" என்றான். வகுப்பு அமைதியானது. மறுவாரம் அந்த ஆயாவையே பள்ளிக்கு அழைத்து வந்தோம். எந்தத் தெரு, யார் யார் வீடு, எந்தக் கோயில் என்று அவர் சொல்லச் சொல்லக் குழந்தைகள் வரைந்தார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது.

மூன்றாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஐஸ் குச்சிகளை இடப்பக்கக் கரையிலிருந்து கடலுக்குள் செருகுங்கள். நம் கரையில் கருங்கல் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள் இவை. ஒவ்வொரு குச்சியின் தெற்குப் பக்கத்திலும் கொஞ்சம் மணல் சேரும். கடைசிக் குச்சிக்கு வடக்கே அரிப்பு முன்னைவிட அதிகமாகும். "அப்படியானால் அடுத்த ஊர்?" என்று அவர்கள் கேட்கும் வரை காத்திருங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அலை மிகப் பெரிதாக இருந்தால் மணல் முழுவதும் ஒரே தட்டையாகிவிடும், நேராக அடித்தால் எதுவும் நகராது. எனக்கு முதல் மூன்று முறை வராததற்குக் காரணம் என் அவசரம்தான்.

கிணற்றுத் தண்ணீர் உப்பாவதை எப்படி விளக்குவது?

முட்டையிலிருந்து. நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், நிறைய உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கும். உப்புநீர் பாதி டம்ளர் ஊற்றி, அதன்மேல் கரண்டியின் முதுகில் படும்படி நல்ல தண்ணீரை மெதுவாக விட்டால், முட்டை நடுவில் தொங்கும். நன்னீர் இலேசானது, உப்புநீரின் மேல் படுத்துக்கொள்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். நம் கடலோர நிலத்துக்கு அடியிலும் இதுதான் நிலை. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனமானது. அதனால் நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயரமாக இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். உறிஞ்சி அந்த ஓர் அடியைக் குறைத்தால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறி வரும். எட்டாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு புரியும். பெரியவர்கள் பலருக்கு நான் சொன்னபோது அதிர்ந்து போனார்கள்.

பிறகு பெரிய சோதனை. பக்கம் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியில் பருமணல் நிரப்புங்கள். எம்-சாண்டைக் கழுவிப் போட்டாலும் போதும். ஒரு முனையில் சிறு பள்ளம் விட்டு நீல மை கலந்த உப்புநீரை ஊற்றுங்கள், மறுமுனையிலிருந்து நல்ல தண்ணீர் விடுங்கள். நடுவில், பெட்டிச் சுவரை ஒட்டி, அடியில் துணி கட்டிய ஸ்ட்ராவைப் புதைத்து சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். மெதுவாக உறிஞ்சும் வரை ஸ்ட்ராவில் தெளிந்த நீர் வரும். வேகமாக உறிஞ்சத் தொடங்கினால் சில நிமிடங்களில் நீலம் நாக்குபோல் மணலுக்குள் நீளும், கடைசியில் சிரிஞ்சும் நீலமாகும். உறிஞ்சுவதை நிறுத்தினாலும் நீலம் உடனே பின்வாங்காது. அந்த இடத்தில், சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரின் கதையைச் சொல்வேன். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்ததால் 1969 முதலே அங்கே நிலத்தடிக்குள் கடல்நீர் புகுந்தது பதிவாகியிருக்கிறது. பிறகு 2010-இல் அதே பக்கம், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது.

அடுத்த நாள் ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீர். மெட்ரோ தண்ணீர், கைப்பம்பு, கேன் தண்ணீர் எல்லாம் வரட்டும். டி.டி.எஸ். மீட்டரில் அளந்து, தெருவாரியாக வரைபடத்தில் எண் போடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கடல்நீரில் 35,000 அளவு இருப்பதால் மலிவு மீட்டர்கள் அதைக் காட்டாது. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். கலந்த தண்ணீரிலும் உப்பு உண்டு என்பதால் இது தோராயம்தான்.

இந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே அளக்கிறது. கிருமியையோ கழிவுநீர் கலந்ததையோ சொல்லாது. எண் குறைவாக இருந்தால் தண்ணீர் நல்லது என்று ஒரு குழந்தையும் வீட்டில் போய்ச் சொல்லிவிடக் கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதியே போடுகிறேன்.

காற்றில் உள்ள தூசியை அளக்கலாமா?

பருந்தூசியை அளக்கலாம். வெள்ளை அட்டையில் ஒரு சென்டிமீட்டர் சதுரங்கள் வரைந்து, மெல்லியதாக வாஸ்லைன் தடவி, மழை படாத இடங்களில் மூன்று நாள் தொங்கவிடுங்கள்: வகுப்பறை, மரத்தடி, லாரி போகும் சாலையோரம், மொட்டைமாடி. பிறகு லென்ஸ் வைத்து ஒரு சதுரத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். ஒரே அட்டையை இரண்டு குழந்தைகள் தனித்தனியே எண்ணட்டும். இரண்டு எண்ணும் வேறுபடும். அளவீட்டில் பிழை என்பது என்ன என்று புரியவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் நுண்துகள் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நம் லென்ஸுக்கு அது தெரியாது. அதனால் அட்டை வெள்ளையாக இருப்பதை வைத்துக் காற்று சுத்தம் என்று சொல்ல முடியாது. நுண்துகளுக்கு மணலி, ராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் அளவுகள் இணையத்தில் அன்றாடம் வெளியாகின்றன. தினம் ஒரு குழந்தை அந்த எண்ணைப் பார்த்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கட்டும். போகி அன்று என்ன ஆகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பெருக்கிய தூசியின்மேல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை நகர்த்தினால் கருந்துகள் ஒட்டும். இரும்புத்துரு, வண்டிகளின் தேய்மானம், நிலக்கரிச் சாம்பலில் உள்ள இரும்புத் துகள் என எதுவாகவும் இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்லாமல் இருக்கவும் பழக்குகிறோம்.

மண், பாறை பற்றி நகரத்தில் என்ன காட்டுவது?

வீட்டு அம்மிக்கல்லை லென்ஸால் பார்க்கச் சொல்லுங்கள். படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பது தெரியும். கடலரிப்புத் தடுப்புக்குக் கொட்டியிருக்கும் கருங்கல்லிலும் அதேதான். பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கு உலகம் முழுவதும் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. மண்ணுக்கு, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். கடற்கரை மண், செங்குன்றத்துச் செம்மண், ஆற்றோரக் களி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், அதிகம் பேச வேண்டாம்.

கோடை வெயிலைப் பாடமாக்க முடியுமா?

ஒரே மாதிரியான இரண்டு டிபன் டப்பாக்கள், ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். அரை மணி நேரம் வெயிலில் வைத்து இரண்டின் மேற்பரப்பிலும் வெப்பநிலையை அளங்கள். மணல் முந்திவிடும். நிலம் சூடாகி அதன்மேல் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் காற்று வருகிறது. அது மதியத்துக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம், தாமதமானால் 40 டிகிரியைத் தாண்டும். கடற்காற்று காசிமேட்டை எத்தனை மணிக்குத் தொட்டது, பெரம்பூரை எத்தனை மணிக்குத் தொட்டது என்று உறவினர் வீடுகளுக்குப் போன் செய்து குறிக்கச் சொன்னேன். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்தார்கள்.

40 குழந்தைகள், 40 நிமிடம். எப்படிச் சமாளிப்பது?

எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று நினைத்தால் சமாளிக்க முடியாது. ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒரு குழு செய்யும், ஒரு குழு அளக்கும், ஒரு குழு கரும்பலகையில் பதியும், மற்றவர்கள் ஊகத்தை எழுதி வாதாடுவார்கள். அடுத்த முறை இடம் மாறும். தண்ணீர் சிந்தும், சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோதனை தவறாக வந்துவிட்டால் மாணவர் முன் என்ன சொல்வது?

"எனக்கும் தெரியவில்லை, ஏன் என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

குழந்தைகளை முகத்துவாரத்துக்கோ கால்வாய்க்கோ அழைத்துப் போகலாமா?

எண்ணூர் முகத்துவாரத்தையும் அலையாத்திச் செடிகளையும் குழந்தைகள் பார்க்க வேண்டும். ஆனால் கரையிலிருந்து பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், காலணி கட்டாயம். கொசஸ்தலை ஆறு, பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் எதிலும் குழந்தை இறங்கக் கூடாது. மாதிரித் தண்ணீர் வேண்டுமென்றால் கயிறு கட்டிய வாளியில், கையுறை போட்ட பெரியவர் எடுக்கட்டும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு நான் அழைத்துப் போவதில்லை. அதற்குப் பதிலாகப் பள்ளித் தோட்டத்தில் வாழையிலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பிஸ்கட் உறை ஆகியவற்றை வலைப்பையில் கட்டிப் புதைத்து, மாதம் ஒருமுறை தோண்டிப் பார்க்கிறோம். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் ஆறாம் வகுப்பில் புதைத்த பிஸ்கட் உறையில் இன்னும் விலை படிக்க முடிகிறது.

பெற்றோர் பலர் இங்குள்ள ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறார்கள். மாசு பற்றிப் பேசினால் சங்கடம் வராதா?

வந்தது. ஓர் அப்பா நேரில் வந்து, "என் சோற்றில் மண் போடுவது போலப் பாடம் நடத்துகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். கோபமாக அல்ல, வருத்தமாகக் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு என் வகுப்பில் யார் குற்றவாளி என்று தேடுவதில்லை. அளக்கிறோம், எப்படி நடக்கிறது என்று பார்க்கிறோம். அந்த அப்பாவையே பிறகு அழைத்து, தொழிற்சாலையில் கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்று பேசச் சொன்னேன். வகுப்பிலேயே மிக நல்ல கேள்விகள் வந்த நாள் அது.

அதற்காக நடந்ததை மறைக்கவும் மாட்டேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் தொண்டர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. இதைச் செய்து பார்க்கத் தட்டில் தண்ணீர், அதன்மேல் சமையல் எண்ணெய் ஊற்றி, பஞ்சு, தேங்காய் நார், வெட்டிய தலைமுடி, துணி என எது அதிகம் உறிஞ்சுகிறது என்று போட்டி வைக்கிறேன். ஒரு கோழி இறகையும் நனைக்கச் சொல்கிறேன். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மறைந்துவிடும் என்று பலர் எழுதுவார்கள். மறையாது, சிறு துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் கலக்கும். தட்டு கலங்கிப்போவதைப் பார்த்ததும் அவர்களே எழுதியதை அடிக்கோடிட்டுத் திருத்துவார்கள்.

இதையெல்லாம் கேட்டுக் குழந்தைகள் பயந்துவிட மாட்டார்களா?

பயப்படுவார்கள். 2004 ஆழிப்பேரலை பற்றிப் பேசும்போது அழுத குழந்தையும் உண்டு, அவள் வீட்டில் அது வெறும் செய்தி அல்ல. பயமுறுத்தும் எதையும் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லாதீர்கள். பேசி ஆறுவதற்கு நேரம் வேண்டும். கடல் திடீரென்று உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தக் கட்டடம் உயரமானது என்பதை வரைபடத்தில் குறிக்கவைத்தால் முகங்கள் தெளியும். சுற்றுச்சூழல் கெட்டதற்குக் குழந்தையே காரணம் என்ற தொனியை அறவே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறையைக் கீழே போட்ட பத்து வயதுக் குழந்தைக்கும் ஆற்றின் நிலைமைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது. அவமானப்படுத்தினால் அது பாடத்தையே வெறுக்கும்.

மீனவக் குழந்தைகள் வீட்டில் வேறு சொற்கள் பேசுகிறார்கள். பாடப்புத்தகச் சொல்லைத் திணிக்கலாமா?

அவர்கள் சொல்லிலிருந்து தொடங்குங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், தெண்டி, வண்ணி என்று நீரோட்டத்துக்கும் அவர்களிடம் திசை அறிந்த பெயர்கள் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் எப்படி ஏறும் என்று எனக்கே சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான். சுவரில் இரண்டு பத்திகளாக எழுதி வைத்திருக்கிறோம், ஒன்றில் வீட்டுச் சொல், ஒன்றில் புத்தகச் சொல். தேர்வில் இரண்டாவதை எழுதுவார்கள்.

இவ்வளவுக்கும் மதிப்பெண் உண்டா?

வகுப்புச் செயல்பாடுகளுக்குத் தரும் வளரறி மதிப்பீடு (அ)-வின் 20 மதிப்பெண்ணுக்கு இவை அப்படியே பொருந்தும். நான் விளைவுக்கு மதிப்பெண் தருவதில்லை, நோட்டில் உள்ள ஊகத்துக்கும் காரணத்துக்கும் தருகிறேன். அரசுப் பள்ளி என்றால், அறிவியலையும் கணிதத்தையும் செய்து கற்க 2022-இல் தொடங்கிய வானவில் மன்றத்தின் நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அமிலமா காரமா என்று பார்க்க லிட்மஸ் தாள் கிடைக்கவில்லை. மாற்று உண்டா?

செம்பருத்தி போதும். பத்துப் பூவின் இதழ்களை ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். எலுமிச்சைச் சாற்றில் சிவப்பாகும், சுண்ணாம்பு நீரில் பச்சையாகும். மஞ்சள் தடவிய தாள் காரத்தை மட்டும் சிவப்பாகக் காட்டும், அமிலத்தில் மாறாது. உலர்ந்த தாள்களை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், ஈரம் பட்டால் நிறம் போய்விடும்.